வீட்டிலேயே தலைமுடி திருத்திக்கொள்ளுதல்

தலைமுடியை முடிதிருத்துநரிடம் செல்லாமல், வீட்டில் தானாகவோ குடும்பத்தார் உதவியுடனோ கத்தரித்துக்கொள்வது வீட்டு முடிதிருத்தம் எனப்படும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வளர்ந்த முடியை முழுவதும் வெட்டிப் புதிய வடிவம் கொடுப்பது. மற்றொன்று, கடையில் வெட்டிய வடிவம் கலையாதபடி பிடரி, கிருதா, காதோரம், நுனி ஆகியவற்றை மட்டும் அவ்வப்போது சரிசெய்வது. முதலாவது பல ஆண்டு பயிற்சி வேண்டும் தொழில். இரண்டாவதைக் கவனமுள்ள எவரும் கற்றுக்கொள்ளலாம். இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இது பலருக்கும் பயன்படும் செய்தி. மூன்று ஷிப்டுகளில் வேலை செய்யும் தொழிலாளர்களும், ஊரை விட்டு வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கும் இளைஞர்களும் இங்கு மிகுதி. வார விடுமுறை செவ்வாய்க்கிழமையில் விழுந்தால் அன்று முடிதிருத்தகங்களுக்கும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையில் கூட்டம்.

சொற்கள்

தலைமுடி, மயிர், கேசம், கூந்தல், குழல் எனத் தமிழில் முடிக்குப் பல பெயர்கள் உண்டு. மயிர் என்பது பழைய, நல்ல சொல். இன்று பேச்சில் வசைச்சொல்லாகிவிட்டதால் பலர் அதைத் தவிர்க்கின்றனர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் பேசப்படும் ஓசூரில், நம் கூந்தலோடு உறவுடைய 'கூதலு' என்ற கன்னடச் சொல்லையும், 'ஜுட்டு' என்ற தெலுங்குச் சொல்லையும் கேட்கலாம். சவரம் என்பது 'க்ஷௌரம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. குடுமியை விட்டு ஆண்கள் முடியைக் குட்டையாக வெட்டத் தொடங்கியபோது, 'கிராப்' என்ற ஆங்கிலச் சொல் கிராப்பு எனத் தமிழில் வந்து சேர்ந்தது.

2020இல் நடந்தது

வீட்டு முடிதிருத்தம் ஒரே நேரத்தில் எல்லா வீடுகளுக்கும் தேவைப்பட்ட காலம் கொரோனா ஊரடங்கு. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. முடிதிருத்தகங்கள் மூடப்பட்டன. ஏப்ரல் இறுதியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. ஆயினும் இங்கும் முடிதிருத்தகங்கள் திறக்கவில்லை. ஒருவர் தலையை மற்றொருவர் தொட்டு, முகத்துக்கு அருகே நின்று செய்யும் வேலை அது என்பதே காரணம்.

தமிழ்நாட்டில் மே 19 முதல் ஊரகப் பகுதிகளிலும், மே 24 முதல் சென்னை நீங்கலாக மற்ற இடங்களிலும் கடைகள் திறக்க அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய இரண்டு மாதம். மாதத்துக்கு ஒரு முறை முடிவெட்டும் ஒருவருக்கு இரண்டு முறை தவறிப்போயிருக்கும். இந்த இடைவெளியில்தான் தந்தை மகனுக்கும், மனைவி கணவனுக்கும், அறை நண்பர்கள் ஒருவருக்கொருவரும் கத்தரி பிடித்தனர்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்கு அது சற்று அசௌகரியம், முடிதிருத்துநருக்கோ வருமானமே நின்றது. ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் தொடங்கும் கர்நாடகத்தில், 2020 மே 6 அன்று அம்மாநில அரசு சுமார் 2,30,000 முடிதிருத்துநர்களுக்கும் 60,000 சலவைத் தொழிலாளர்களுக்கும் தலா 5,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. தமிழ்நாட்டில் இத்தொழிலாளர்களுக்கென முடிதிருத்துவோர் நலவாரியம் இருக்கிறது.

முடியின் இயல்பு

கத்தரி எடுப்பதற்கு முன் முடியைப் பற்றிச் சில செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது, அதாவது நாளொன்றுக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால், செய்த தவறு எத்தனை நாளில் மறையும் என்று கணக்கிட்டுவிடலாம். 6 மி.மீ. விட வேண்டிய இடத்தில் 3 மி.மீ. விட்டுவிட்டால் ஒன்பது பத்து நாளில் சரியாகிவிடும். 13 மி.மீ. முடியின் நடுவே ஓரிடத்தில் ஒட்ட மழித்துவிட்டால் அந்தப் பள்ளம் நிரம்பச் சுமார் ஐந்தரை வாரம் ஆகும்.

முடி வளர்வது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையிலிருந்து. வெளியே தெரியும் பகுதியில் உயிரணுக்கள் இல்லை. அதனால்தான் வெட்டும்போது வலிப்பதில்லை. அடிக்கடி வெட்டினால், அல்லது மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை என்பதும் இதனால் விளங்கும். வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் முரடாகத் தோன்றுகிறது, அவ்வளவே.

நனைந்த முடி நீண்டு தொங்கும். உலர்ந்ததும் சுருங்கும். சுருட்டை முடி இன்னும் அதிகமாகச் சுருங்கும். ஈரத்தில் அளந்து வெட்டியவர்கள் உலர்ந்தபின் முன்முடி நெற்றியின் பாதிக்கு ஏறிவிட்டதைக் கண்டு திகைப்பது இதனால்தான். எனவே வீட்டில் வெட்டுவோர் நினைத்த அளவைவிட ஒரு விரல்கடை நீளமாக விட்டு வெட்டி, உலர்ந்தபின் மீண்டும் திருத்துவது நல்லது.

உச்சியில் உள்ள சுழி மற்றொரு செய்தி. அங்கே முடி வட்டமாகத் திரும்பி வளர்கிறது. சுழியருகே மிகக் குட்டையாக வெட்டினால் முடி நிமிர்ந்து நிற்கும். சிலருக்கு இரட்டைச் சுழி இருக்கும். வெட்டத் தொடங்குமுன் சுழி எங்கே இருக்கிறது என விரலால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவிகள்

முடிவெட்டும் கத்தரிக்கோல்: துணிவெட்டும் கத்தரியோ காகிதம் வெட்டும் கத்தரியோ ஆகாது. கூர் மழுங்கிய கத்தரி முடியை வெட்டாமல் மடித்து நசுக்கும். நுனி பிளப்பதற்கு அதுவே வழி.

மெஷின்: மின்காந்தத்தால் இயங்கும் முடிவெட்டும் மெஷினுக்கு அமெரிக்காவைச் சேர்ந்த லியோ வால் என்பவர் 1921இல் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் தலைமுடிக்கான கிளிப்பர் வேறு, தாடிக்கான டிரிம்மர் வேறு. தாடி டிரிம்மரின் பிளேடு குறுகலானது. அடர்ந்த தலைமுடியில் அது திணறும், நடுவே சார்ஜ் தீர்ந்து நிற்கும். பிடரி ஓரத்தையும் கிருதாவையும் சரிசெய்ய அது போதும்.

மாட்டும் சீப்புகள்: மெஷினின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் சீப்புதான் எவ்வளவு முடி மிஞ்சும் என்பதை முடிவு செய்கிறது. பெரும்பாலான மெஷின்களில் 1ஆம் எண் 3 மி.மீ., 2ஆம் எண் 6 மி.மீ., 3ஆம் எண் 10 மி.மீ., 4ஆம் எண் 13 மி.மீ. அளவு முடியை விடும். எண் ஏற ஏற முடி நீளமாக மிஞ்சும் என்பதே விதி.

கண்ணாடிகள் இரண்டு: சுவரில் ஒன்று, கையில் ஒன்று. இவற்றோடு நெருங்கிய பல்லுள்ள சீப்பு, கழுத்தில் சுற்றப் பழைய துண்டு, தரையில் விரிக்கச் செய்தித்தாள்.

குட்டை முடியைத் திருத்தும் முறை

1. தலையை அலசி, எண்ணெய்ப் பசை போக்கி, நன்றாக உலர்த்த வேண்டும். மெஷினை ஈர முடியில் ஓட்டக்கூடாது.

2. வெளிச்சம் முன்னாலிருந்து வரும்படி உட்கார வேண்டும். முதல் சில முறை மெஷினை அணைத்துவைத்தே பின்தலையில் ஓட்டிப் பழக வேண்டும். இரண்டு கண்ணாடிகளில் பார்க்கும்போது கை எதிர்த்திசையில் போவது போலத் தோன்றும். பழகாத கை இங்கேதான் தடுமாறுகிறது.

3. வேண்டும் என்று நினைக்கும் எண்ணைவிடப் பெரிய எண் சீப்பில் தொடங்க வேண்டும். 2 வேண்டுமானால் 4இல் தொடங்கலாம். குறைப்பது எளிது, கூட்டுவதற்குக் காலம்தான் வர வேண்டும்.

4. பக்கங்களிலும் பின்னும், முடி வளரும் திசைக்கு எதிராக, கீழிருந்து மேலாக மெதுவாக ஓட்ட வேண்டும். காதுக்கு மேலே தலை வளையத் தொடங்கும் இடத்தில் மெஷினைத் தலையிலிருந்து மெல்ல விலக்கிக்கொண்டே வர வேண்டும். ஒட்டியபடியே மேலே கொண்டுபோனால் குட்டைக்கும் நீளத்துக்கும் நடுவே கோடு போட்டதுபோல் தெரியும்.

5. கீழே ஒரு விரல் அகலத்துக்கு அடுத்த சிறிய எண் சீப்பால் மீண்டும் ஒருமுறை ஓட்டினால் முடி படிப்படியாகக் குறைந்து வரும்.

6. உச்சி முடியை வீட்டில் வெட்டுவதானால், சிறு பகுதியாக இரு விரல்களுக்கிடையே பிடித்து, விரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வெட்ட வேண்டும். அடுத்த பகுதியைப் பிடிக்கும்போது ஏற்கெனவே வெட்டிய முடியில் சிலவற்றைச் சேர்த்துப் பிடித்தால் அதுவே அளவுகோலாகும்.

7. காதோரத்தைத் திருத்தும்போது ஒரு கையால் காது மடலைக் கீழே மடித்துக்கொள்ள வேண்டும். கிருதா இரண்டும் சமமா என்பதைக் காதை வைத்துப் பார்க்கக் கூடாது, ஏனெனில் பலருக்குக் காதுகளே ஒரே உயரத்தில் இருப்பதில்லை. நேராகக் கண்ணாடியைப் பார்த்து, இரு ஆள்காட்டி விரல்களையும் கிருதாக்களின் அடியில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

8. பிடரியின் அடிக்கோட்டை மேலே ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. இயல்பான முடிக்கோட்டுக்குக் கீழே சிதறி வளர்ந்திருப்பதை மட்டும் எடுத்தால் போதும். முடிந்தால் இந்த ஒரு வேலைக்காவது பிறர் உதவியைக் கேட்க வேண்டும்.

நீள முடியின் நுனி திருத்தும் முறை

நீளமான கூந்தலில் நுனி பிளவுபடுவது இயல்பு. பிளவுபட்ட நுனியை எந்த எண்ணெயும் மீண்டும் ஒட்டவைக்காது. வெட்டுவதே வழி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1 செ.மீ. அளவு எடுத்தால் போதும்.

சிக்கெடுத்து, நெற்றியிலிருந்து பிடரி வரை நடுவகிடு எடுத்து, முடியை இரண்டாகப் பிரித்து இரு தோள்களின் முன்னே கொண்டுவர வேண்டும். தலை நிமிர்ந்து, நேராக நிற்க வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் வெட்ட வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே ரப்பர் பேண்டு போட்டு, இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா எனக் கண்ணாடியில் சரிபார்க்க வேண்டும். பிறகு பேண்டுக்குக் கீழே சிறிது சிறிதாக வெட்ட வேண்டும். ஒரே வெட்டாக வெட்டினால் கத்தரி முடியைத் தள்ளிக் கோணலாக்கும். கடைசியில் கத்தரியை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து நுனியில் மெல்லக் கொத்தினால் ஓரம் இயல்பாக அமையும். இம்முறையில் வெட்டிய கூந்தல் முதுகில் விழும்போது நடுவில் சற்றே நீளமாகவும் ஓரங்களில் குட்டையாகவும் இருக்கும். நேர்கோடாக வேண்டுமென்றால் பின்னால் ஒருவர் நின்று வெட்ட வேண்டும்.

முடியும் இயந்திரமும்

தொழிற்பேட்டையில் வாழ்வோருக்கு முடி அழகு சார்ந்தது மட்டுமன்று. தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 22ஆம் பிரிவு, இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிப்பது, எண்ணெயிடுவது போன்ற பணிகளைச் செய்வோர் உடலோடு ஒட்டிய ஆடை அணிய வேண்டும் என்றது. தொங்கும் ஆடையைச் சுழலும் பாகம் பற்றி இழுத்துவிடும் என்பதே காரணம். முடிக்கும் இது பொருந்தும். லேத், டிரில்லிங் மெஷின் போன்றவற்றின் சுழலும் பாகங்களுக்கு அருகே குனியும்போது, தொங்கும் முன்முடியோ கட்டாத பின்னலோ சிக்கினால் கையை நீட்டி நிறுத்துவதற்குள் தலை இழுபட்டுவிடும். உச்சந்தலைத் தோலே பிய்ந்துவரும் விபத்துகள் இவ்வாறு நேர்பவை.

ஆகவே தொழிற்பயிற்சி மாணவர்களும் பணியாளர்களும் கடைக்குப் போக நேரமில்லை என்பதற்காக முன்முடியைத் தொங்கவிட்டுக்கொண்டு பட்டறையில் நிற்கக் கூடாது. கண்ணை மறைக்கும் முடியை இரவே வீட்டில் அரை அங்குலம் கத்தரித்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. நீள முடி உள்ளவர்கள் வெட்ட வேண்டியதில்லை. கொண்டையாகக் கட்டித் தொப்பிக்குள் அடக்கினால் போதும்.

சுகாதாரம்

விடுதியிலும் வாடகை அறையிலும் ஒரே மெஷினைப் பலர் பயன்படுத்துவது வழக்கம். பூஞ்சையால் வரும் படர்தாமரை, பேன் ஆகியவை சீப்பு, மெஷின், துண்டு வழியாகப் பரவக்கூடியவை. தோல் கீறி ரத்தம் பட்டால் ஆபத்து இன்னும் பெரிது. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே உலர்ந்த பரப்பில்கூட ஏழு நாள் வரை உயிர்ப்புடன் இருக்கக்கூடியது.

சவர பிளேடு ஒருவருக்கு ஒன்றுதான், பகிரக் கூடாது. மெஷினை ஒவ்வொரு முறையும் தூரிகையால் முடி நீக்கி, பிளேடை 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட வேண்டும். தலையில் புண், செதில், வட்டமாக முடி உதிர்ந்த இடம் இருந்தால் வெட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெட்டிய முடியைக் குளியலறைச் சாக்கடையில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும். செய்தித்தாளோடு சுருட்டிக் குப்பையில் போடலாம். உரக்குழியில் இட்டால் மெதுவாக மட்கி மண்ணுக்கு நைட்ரஜன் தரும்.

மறுக்கப்பட்டவர்களும் செய்தவர்களும்

வீட்டிலேயே முடிவெட்டிக்கொள்வது எல்லாருக்கும் விருப்பமாக வந்த வழக்கம் அன்று. கிராமங்களில் நாவிதர் வீடு வீடாகச் சென்று முடிவெட்டி, அறுவடையில் தானியம் கூலியாகப் பெற்ற காலத்தில், பட்டியல் சாதியினருக்கு வெட்டக் கூடாது என்று ஊர் கட்டுப்பாடு விதித்தது. அம்மக்கள் தம்முள் கத்தரி பிடிக்கத் தெரிந்தவரிடமே வெட்டிக்கொண்டனர், அல்லது முகம் தெரியாத நகரத்துக்குச் சென்று வெட்டிக்கொண்டனர். தீண்டாமையை அரசமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்தது. அதன்படி இயற்றப்பட்ட குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955, தீண்டாமையின் பேரால் ஒருவருக்குச் சேவை தர மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. முடிதிருத்தகத்தின் நாற்காலியில் யாரும் உட்காரலாம் என்பது சட்டம் தந்த உரிமை. அது இன்றும் சில ஊர்களில் போராடியே பெறப்படுகிறது.

வெட்டியவர்களின் நிலையும் உயர்ந்ததாக இல்லை. மருத்துவமும் பேறுகாலமும் பார்த்து, மருத்துவர் என்ற பெயரும் பெற்ற சமூகம் அது. ஊருக்கே தலை திருத்தியவர்கள் அந்த ஊரின் திண்ணையில் உட்கார முடியாமல் இருந்தனர். அச்சாதிப் பெயரை வசையாகப் பயன்படுத்தும் பேச்சு பள்ளி வளாகங்களில்கூடக் கேட்பதுண்டு. மாணவர்கள் அதைக் கைவிட வேண்டும்.

எப்போது கடைக்குச் செல்ல வேண்டும்

வீட்டில் திருத்திக்கொள்வதால் கடைக்குப் போகவே வேண்டாம் என்பதில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை போகிறவர், நடுவில் பிடரியையும் காதோரத்தையும் வீட்டில் சரிசெய்துகொண்டால் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை போகலாம். ஒரு முறைக்கு 150 ரூபாய் எனக் கொண்டால், ஆண்டுக்குப் பதினேழு முறைக்குப் பதில் பத்து முறை, மிச்சம் சுமார் 1,050 ரூபாய். புதிய வடிவம் வேண்டும்போதும், குழந்தை அசையாமல் உட்காராதபோதும், வீட்டில் தவறு நேர்ந்துவிட்டபோதும் தொழில் தெரிந்தவரிடமே போக வேண்டும். தவறை மறைக்க மேலும் மேலும் வெட்டுவது மொட்டையில்தான் முடியும்.

இதை எழுதுபவருக்கும் அந்த அனுபவம் உண்டு. 2020 ஏப்ரலில், சீப்பு மாட்ட மறந்து மெஷினை வைத்ததில் பின்தலையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தோல் தெரிந்தது. முப்பது ஆண்டுக்கும் மேல் வகுப்பறையில் அளவைகள் நடத்தியவருக்கு நேர்ந்தது அது. மே இறுதியில் கடை திறந்ததும் போனபோது, முடிதிருத்துநர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சுற்றியிருந்த முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பத்து நிமிடத்தில் அந்தப் பள்ளம் இருந்த இடமே தெரியாமல் செய்துவிட்டு, "இந்த ரெண்டு மாசமா வர்றவங்க எல்லாருக்கும் இதே இடத்துலதான் சார்" என்றார்.

வீட்டில் ஒருமுறை முயன்று பார்த்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிடத்தின் அருமை தெரியும். இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் இருந்துவிட்டு வந்த கைகள் அவை.